பூஜ்யம் போட்ட பாலங்கள்

"டீச்சர், ஒரே ஒரு கேள்விதான். இந்தப் பாலம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?"

கேட்டவர் ஆவுடையப்பன். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அறுபது வயது முடிந்து ஓய்வு பெற அவருக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது. பெயர் ஜுலைகா. ஆற்றோரத்துப் பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறவர். இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று முன்பு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். அதே கணக்கைப் பாலத்துக்கும் போடலாம் என்று யாரோ சொல்லித்தான் ஆவுடையப்பன் அவரைத் தேடி வந்தார்.

"எந்தப் பாலம் அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். தூணுக்குத் தூண் ஒரு கண்ணாகப் பதினோரு கண் பாலம். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், மீசை கறுப்பாக இருந்த காலத்தில், அவரே நின்று கான்கிரீட் ஊற்ற வைத்த தளம். இப்போது இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து பஸ்ஸையும் லாரியையும் நிறுத்தியாயிற்று. நடப்பவர்களும் பைக்கும் மட்டும் போகலாம். தளத்தை மாற்றுவதா வேண்டாமா என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"ஒத்தப் பாலத்துக்கு என்னால சொல்ல முடியாது."

"பெறகு எதுக்குத்தான் சொல்லுவிய?"

"எரநூறு பாலம் கொண்டாங்க. அதுல எத்தனை எதுவரைக்கும் நிக்கும்னு சொல்லுதேன். உங்க பாலம் அதுல எதுன்னு மட்டும் கேக்கக் கூடாது."

இது ஒரு பதிலா என்று ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் ஆபீஸில் பழைய கோப்புகளை இறக்கித் தூசி தட்டினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், இந்த ஆள் அறுபதில் பள்ளிக்கூடம் போகிறாரே என்று ஆபீஸே சிரித்தது.

சிரிக்காதவள் கிளார்க் இசக்கியம்மாள் ஒருத்திதான். அவளுக்கு அவளுடைய கவலை.

"சார், பென்ஷன் பேப்பர்ல எல்லாம் ஆயிட்டு. ஜோடிப் போட்டோ மட்டும் பாக்கி."

பென்ஷன் தாளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற படம் ஒட்ட வேண்டும். இதுதான் வழக்கம். ஆவுடையப்பனிடம் அப்படி ஒரு படம் இல்லை. எடுக்கவும் வழியில்லை. அவருடைய மனைவி செண்பகவடிவு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். இருபத்து நான்கு வருஷமாக.

"போட்டோ இல்லன்னா இதுல ஒரு கையெழுத்துப் போட்டிருங்க சார். மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்று அவளே ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

'எனக்கும் என் மனைவி செண்பகவடிவுக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டபடியால் ஜோடிப் புகைப்படம் தர இயலவில்லை.'

ஆவுடையப்பன் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

*

பத்து நாளில் பட்டியல் தயாரானது.

"இருநூத்திப் பன்னெண்டு பாலம் டீச்சர். அதுல அறுவத்தொண்ணுக்குத் தளம் முடிஞ்சு போச்சு. கூட்டி வகுத்துப் பாத்துட்டேன். ஒரு தளத்துக்கு ஆயுசு இருவத்திரெண்டு வருஷம்."

"மிச்சம் நூத்தம்பத்தொண்ணு?"

"அதெல்லாம் இன்னும் நிக்கி. முடியாததுக்கு என்னத்த எழுத? விட்டுட்டேன்."

"உங்க பதினோரு கண் பாலத்துக்கு வயசென்ன?"

"முப்பத்தாறு."

ஜுலைகா பச்சைப் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப அது செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. போயி நிக்குதான்னு பாத்துட்டு வாங்க."

"இப்பமா?"

"இப்பத்தான்."

ஆவுடையப்பன் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார். சுத்தியலால் தளத்தைத் தட்டினார். திடமான இடம் கணீரென்றது. உள்ளே விட்டுப்போன இடம் தொப்பென்றது. ஒன்று, இரண்டு என்று ஆறாவது கண் வரை தட்டிக்கொண்டே போனார்.

ஆறாவது கண்ணில் நின்றுவிட்டார்.

அங்கிருந்து பார்த்தால் அக்கரை தெரியும். ஆலடிப்புதூரின் கடைசித் தெரு தெரியும். தெருவின் கடைசியில் ஓட்டு வீடு ஒன்று தெரியும். கல்யாணமாகி ஆறு வருஷம் அவரோடு இருந்தவள் அந்த வீட்டுக்குள்தான் இருந்தாள்.

அந்தச் சண்டையைக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஆவுடையப்பனின் அண்ணனுக்கும் செண்பகவடிவின் அப்பாவுக்கும் தகராறு. கை கலந்தது. அன்று சாயங்காலமே அப்பா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆவுடையப்பனுக்கு வடக்கே கிருஷ்ணகிரிக்கு மாற்றல். அவளே வருவாள் என்று இவர் இருந்தார். அவர் வந்து கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள். அடித்துக்கொண்ட இரண்டு பேரும் செத்தே போனார்கள். அடித்துக்கொள்ளாத இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் நின்றுபோனார்கள்.

யாராவது கேட்டால் ஆவுடையப்பன் ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: "அது முடிஞ்சிட்டு."

மாற்றலாகி இந்த ஊருக்கே திரும்பி வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை பாலத்தைச் சோதிக்க வருவார். ஆறாவது கண் வரை அவர் தட்டுவார். மிச்சம் ஐந்து கண்ணுக்கு உதவியாளரை அனுப்புவார். ஆளைப் பார்த்துவிடுவோமோ என்று பயம். பார்க்காமல் போய்விடுவோமோ என்று அதைவிடப் பயம்.

அன்றும் ஆறாவது கண்ணோடு திரும்பினார்.

"நிக்கி டீச்சர்" என்றார்.

"நிக்குதுல்லா? அப்ப அதையும் எழுதுங்க."

"முடிவுன்னு என்ன தேதி போட?"

"இன்னைக்குத் தேதி. பக்கத்துல ஒரு பூஜ்யம். தானா முடிஞ்சதுக்கு மட்டும் ஒண்ணு."

"பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லன்னுல்லா ஆயிரும்?"

ஜுலைகா எழுந்து கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார். மேலிருந்து கீழே இறங்குகிற படி.

"ஒரு தளம் செத்தா ஒரு படி இறங்கணும். பூஜ்யம் வந்தா இறங்கக் கூடாது. ஒரு சின்னக் கோடு போட்டுட்டு நேரா நடக்கணும். இதுவரைக்கும் பாத்தேன், இருந்துச்சு, மேக்கொண்டு எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

"தெரியாததையும் கணக்குல சேக்கணுமா?"

"அதச் சேக்காமத்தான நிக்கிற பாலத்தக் கொன்னுட்டு வந்து நின்னிய?"

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். சிரித்து வெகு நாளாகியிருந்தது.

*

இரண்டாம் முறை இருநூற்றுப் பன்னிரண்டும் வந்தன, பாலத்துக்கு ஒரு தாள் என்று கட்டாக. நின்றதெல்லாம் பூஜ்யம், போனதெல்லாம் ஒன்று. ஆவுடையப்பன் நல்ல மார்க்கை எதிர்பார்க்கிற பிள்ளையைப் போல எதிரில் நின்றார்.

ஜுலைகா தாள் தாளாகப் பார்த்தார்.

"உங்க பாலத்துல ஆறு கண்ணுக்கு உங்க எழுத்து. மிச்சம் அஞ்சுக்கு வேற கை. ஏன் அண்ணாச்சி?"

"முட்டு வலி டீச்சர்."

"ஆறு கண்ணு வரைக்கும் வராத வலியா?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். டீச்சர் அதற்கு மேல் தோண்டவில்லை. கட்டைத் திருப்பிக் கொடுத்தார். முடிந்ததாக எழுதிய அறுபத்தொன்றில் முப்பத்தெட்டுத் தாளில் பச்சை மையில் ஒரே வரி இருந்தது.

'எடுத்தபோது எப்படி இருந்தது?'

"கோப்புல 'அகற்றப்பட்டது'ன்னு போட்டிருக்கே டீச்சர். அகத்துனா முடிஞ்சதுதான?"

"மத்த இருவத்திமூணுக்கும் கம்பி துருப்பிடிச்சு உதுந்துட்டுன்னு காரணம் இருக்கு. அது சரி. இந்த முப்பத்தெட்டுக்குக் காரணம் எங்க?"

"கோப்புல இல்ல."

"அப்ப கோப்புக்கிட்ட எதுக்குக் கேக்கிய?"

*

கோப்பில் இல்லாததை ஆளிடம்தான் கேட்க வேண்டும். ஆவுடையப்பன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். கான்ட்ராக்டர்களைக் கேட்டார். ஓய்வு பெற்ற மேஸ்திரிகளைக் கேட்டார். பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. மீதிப் பேர் காப்பி கொடுத்துவிட்டு வேறு கதை பேசினார்கள்.

ஒரு வாய்க்கால் பாலத்தருகே செல்லக்கனி என்று ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த பழைய தளத்தை உடைத்தபோது கல் சுமந்தவள்.

"அந்தத் தளமா? அத ஏன் கேக்கிய! அம்புட்டுக் கெட்டி. பிரேக்கர் மிஷின் ஓட்டுனவனுக்கு மூணு நாளா கை நடுக்கம் நிக்கல. சோத்த அள்ளி வாயில வைக்க முடியல அவனால. உள்ள கம்பி புதுசாட்டம் கெடந்துச்சு."

"பெறகு எதுக்கு ஒடச்சாங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். நல்லாக் கெடக்கத எதுக்குய்யா ஒடைக்கியன்னு. ரோட்ட அகலமாக்கணுமாம். அதுக்கு இது எடைஞ்சலாம்." அவள் ஆட்டை அதட்டிவிட்டுத் திரும்பினாள். "அது மேல ஒரு குத்தமும் இல்ல சார். இருந்திருந்தா இன்னைக்கும் இருக்கும்."

ஆவுடையப்பன் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எழுத்து ஓடவில்லை. வெயில் என்று நினைத்து ஜீப்பில் ஏறித் தண்ணீர் குடித்தார். வெயில் இல்லை என்று அவருக்கே தெரியும்.

முப்பத்தெட்டில் பதினொன்றுதான் உண்மையாகவே இற்றுப்போனவை. இருபத்தேழு நல்ல நிலையில் இருந்தவை. யாருக்கோ வழி அகலம் போதவில்லை என்பதற்காக எடுத்துப் போட்டவை.

அந்த இருபத்தேழு தாளிலும் ஒன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். ஒவ்வொரு பூஜ்யத்தையும் கோலப் புள்ளி வைப்பதைப் போல நிதானமாகப் போட்டார்.

*

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது.

ஜுலைகா புதிய படிக்கட்டை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். முதலில் மடமடவென்று கீழே விழுந்த படி இப்போது சாவகாசமாக நடந்தது. பாதித் தளங்கள் முடிகிற இடம் ஐம்பது வருஷத்தையும் தாண்டிப் போயிருந்தது. கோடு நெடுகச் சின்னச் சின்ன வெட்டுக் கோடுகள், ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் ஒன்று.

"இவ்வளவு ஆயுசா டீச்சர்?"

"ஆயுசு அப்பவும் அவ்வளவுதான். நாமதான் எடுத்ததையெல்லாம் செத்ததா எழுதி வச்சிருந்தோம்."

"சரி, இப்பமாவது சொல்லுங்க. என் பாலம் எத்தனை வருஷம்?"

"மறுபடியும் அதே கேள்வியா?"

"மேல கேக்காங்களே."

"முப்பத்தாறு வருஷம் நின்னுட்டு. இன்னைக்கும் நிக்கி. முப்பத்தாறைத் தாண்டுன கூட்டாளிங்க எப்படி இருந்தாங்கன்னு இந்தப் படி சொல்லும். அத எழுதிக் குடுங்க. ஒத்தப் பாலத்தோட கதைய அது மேல நடந்துதான் பாக்கணும்."

கட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆவுடையப்பன் வாசலில் நின்று தாள்களைப் புரட்டினார். எல்லாம் சரியென்று பச்சை மையில் கோடு போட்டிருந்தது.

கடைசித் தாளில் மட்டும் கோடு இல்லை. பச்சை மையில் ஒரு வரி.

'எடுத்தபோது எப்படி இருந்தது?'

ஆவுடையப்பன் தாளை உற்றுப் பார்த்தார். பாலத்துத் தாள் இல்லை அது. இசக்கியம்மாள் தட்டச்சு செய்த தாள். கட்டோடு கட்டாகப் பையிலிருந்து வந்துவிட்டிருக்கிறது.

'எனக்கும் என் மனைவி செண்பகவடிவுக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டபடியால்...'

அவருக்குக் காது சூடாயிற்று. திரும்பி உள்ளே வந்தார்.

"டீச்சர், இது... இது தெரியாம வந்துட்டு."

"அப்படியா?"

"இது பாலம் இல்ல டீச்சர்."

ஜுலைகா பேனாவின் மூடியைத் திருகினார்.

"முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்கு. காரணம் எழுதல. காரணம் இல்லாத தாள் எல்லாத்துலயும் நான் அதத்தான கேட்டேன்?"

மணி அடித்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

*

ஆவுடையப்பன் பாலத்தில் ஏறினார். தலையில் மஞ்சள் தொப்பி, ஒரு கையில் சுத்தியல், மறு கையில் தாள்.

ஆறாவது கண்ணில் கால் பழக்கப்படி நின்றது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது.

ஏழாவது கண்ணில் காலை எடுத்து வைத்தார்.

எட்டாவதில் ஓரிடம் தொப்பென்றது. ஒன்பது வருஷமாக வேறு கை எழுதிக் கொடுத்ததை நம்பியிருந்தோமே என்று நினைத்துக்கொண்டார். பத்து. பதினொன்று. அக்கரை மண்ணில் கால் பட்டபோது முட்டு உண்மையாகவே வலித்தது.

ஓட்டு வீட்டு முற்றத்தில் வேட்டியை விரித்துச் செண்பகவடிவு வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

இருபத்து நான்கு வருஷம் மனசுக்குள் பேசிப் பேசித் தேய்த்த பேச்செல்லாம் ஆவுடையப்பனுக்கு மறந்துபோயிற்று. தாளை நீட்டினார்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"முடிஞ்சிட்டுன்னு போட்டிருக்கு."

"கிளார்க் எழுதுனது."

"கையெழுத்து?"

"போடல."

"பச்ச மையில கேட்டிருக்கது யாரு?"

"எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற டீச்சர்."

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள். காகம் ஒன்று வற்றலில் வந்து உட்கார்ந்தது. விரட்டவில்லை.

"இதுக்கு என்ன பதில் எழுதப் போறிய?"

"என் பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு, வடிவு." அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "உன் பக்கம் நான் வந்து பாக்கல."

"பாக்கலையா?" அவள் முகம் சிவந்தது. "மாசா மாசம் அந்த மஞ்சத் தொப்பி நடுப்பாலம் வரைக்கும் வரும். நின்னுக்கிட்டே இருக்கும். பெறகு திரும்பிப் போவும். ஒம்பது வருஷம். இந்த வாசல்ல நின்னு நான் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன், இன்னைக்கு வருமா நாளைக்கு வருமான்னு."

ஆவுடையப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் தாளோடு உள்ளே போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

அவர் வெயிலில் நின்றார். இதுதான் பதில் போலிருக்கிறது என்று நினைத்தார். கேட்டாவது விட்டோமே என்றும் நினைத்தார். காகத்தை விரட்டினார். நிழல் காலடிக்குச் சுருங்கும்வரை நின்றுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு பாலத்தை நோக்கித் திரும்பினார்.

கதவு திறந்தது.

செண்பகவடிவு சேலை மாற்றியிருந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் குடை. படியிறங்கி வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க வடிவு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தான ஸ்டுடியோ? ஒரு மணிக்கு அடைச்சிருவான்." குடையை விரித்தாள். "பஸ்ஸத்தான் நிறுத்திப்புட்டியளே. ரெண்டு பேரு சேந்து நடந்தா அந்தப் பாலம் தாங்குமா?"

முப்பத்தாறு வருஷத்துத் தளத்தை ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்குத் தாங்கும்."